‘சை’ போட்ட வீடு

காஞ்சிபுரத்தில் வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் இரண்டு வழிதான். செருப்புத் தேயத் தெருத் தெருவாக அலைந்து, ‘டூ லெட்’ அட்டை தொங்கும் கதவுகளைத் தட்டலாம். இல்லையென்றால் கிரேசுக்குப் போன் போடலாம். பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் வீட்டுத் தரகு பார்க்கிறவள் அவள். எந்தத் தெருவில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், எந்த வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடித்தால் அடுத்த நிமிடம் வந்து நிற்பார், எந்த நகரில் ஐப்பசி மழைக்குப் படகு தேவைப்படும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்பேர்ப்பட்டவளுக்கு, இந்த வருடம் ஆனி மாதம் பிறந்தபோது, தான் குடியிருக்க ஒரு வீடு இல்லாமல் போய்விட்டது. ஊரே சிரிக்க வேண்டிய விஷயம். கிரேசுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், அவள் குடும்பம் பதினாறு வருடம் வாடகைக்கு இருந்தது. வீட்டுக்காரர் தவறிப்போனார். அவர் மகன்கள் வீட்டை இடித்துவிட்டு, கோயிலுக்கு வருகிறவர்கள் தங்குவதற்கு லாட்ஜ் கட்டுவதென்று முடிவு செய்தார்கள். “ஆனி முடியறதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்கக்கா. ஆடியில இடிச்சிட்டு ஆவணியில பூஜை போடணும்” என்றான் மூத்தவன். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள், புதுக் குடித்தனத்தை உள்ளே விடவும் மாட்டார்கள். கிரேஸ் சர்ச்சுக்குப் போகிறவள். அவளுக்கு ஆடியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான். வீடு கொடுக்கிறவர்களுக்கு அப்படி இல்லையே! ஆக, அவள் கையில் இருந்தது ஒரே ஒரு மாதம்.

கணவன் ராமராஜன், ஒரகடத்துப் பக்கம் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸுக்கு டிரைவர். மகள் திரிஷா கல்லூரியில் கடைசி வருடம். மற்ற பார்ட்டிகளிடம் கேட்பதுபோலவே இவர்களிடமும் கிரேஸ் கேட்டாள், எந்த மாதிரி இடம் வேண்டுமென்று.

“பஸ்ஸத் திருப்ப எடம் இருந்தா போதும்” என்றான் ராமராஜன்.

“நான் எத்தினி மணிக்கு வர்றேன், போறேன்னு பாத்துக்கினு இருக்காத தெருவா பாரும்மா” என்றாள் திரிஷா.

உனக்கு என்ன வேண்டும் என்று கிரேசை யாரும் கேட்கவில்லை. அவளாகவே சொல்லிக்கொண்டாள். “கதவத் தொறந்தா நாலு பேரு பேசுற தெருவா இருக்கணும்பா. பந்தாவெல்லாம் வேணாம்.”

பந்தாவுக்கு இப்போது இந்த ஊரில் பஞ்சமே இல்லை. நேற்றுவரை நெல் விளைந்த நிலத்துக்கெல்லாம் இன்றைக்கு ஆங்கிலத்தில் பெயர். நுழையும் இடத்தில் சிமெண்ட் வளைவு, வளைவின் மேல் இரண்டு குதிரை பொம்மை, கீழே ஒரு வாட்ச்மேன். உள்ளே போனால் ஒரு ஈ காக்கை இருக்காது. பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டால் காரின் நிறத்தைச் சொல்வார்கள், ஆளின் பெயர் தெரியாது. அங்கே கிரேஸ் எத்தனையோ குடும்பங்களைக் குடிவைத்திருக்கிறாள். சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, இவர்கள் எப்படித்தான் பொழுதைப் போக்குவார்களோ என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வாள். அதனால் அந்த நகர்களை முதலிலேயே தள்ளிவிட்டாள். மிச்சமிருந்தவை மனுஷர்கள் வாழ்கிற தெருக்கள். அங்கேதான் சிக்கல்.

வீடு கொடுக்கிறவர்களுக்கென்று ஒரு தனிப் பாஷை உண்டு. ‘சின்னக் குடும்பமா பாருங்க’ என்றால் தண்ணீர் போதாது என்று பொருள். ‘கவர்மெண்ட் வேலையா இருந்தா நல்லது’ என்றால் போன குடித்தனக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான் என்று பொருள். ‘சைவமா இருந்தா தேவலை’ என்றால்? அது சோற்றைப் பற்றிய கேள்வி மாதிரி ஆரம்பிக்கும், சாதியைப் பற்றிய கேள்வியாக முடியும். நேராகக் கேட்கக் கூச்சம், அவ்வளவுதான். கிரேஸ் இந்தப் பாஷையைத் தொழிலுக்கு வந்த முதல் வருடமே கற்றுக்கொண்டாள். மாகறல் காலனியில் பிறந்து, அப்பா அம்மா ஊரார் வயலில் கூலிக்கு நாற்று நடுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? பன்னிரண்டாவது முடித்து, ஒரு பட்டுப்புடவைக் கடையில் ஒன்பது வருடம் கால் கடுக்க நின்று புடவை விரித்துக் காட்டி, முட்டி தேய்ந்துபோன பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவள்.

அவளிடம் ஒரு நீளமான நோட்டு உண்டு. வீட்டு முகவரிக்குப் பக்கத்தில், சைவம் கேட்கிற வீடு என்றால் ‘சை’ என்று சின்னதாகப் போட்டுவைப்பாள். அசைவக் குடும்பம் ஏதாவது அந்த வீட்டைக் கேட்டால், “அது உங்களுக்குச் சரிப்படாதுப்பா” என்று தானே சொல்லித் தடுத்துவிடுவாள். வாசல்வரை கூட்டிப்போய், வீட்டுக்காரர் மேலும் கீழும் பார்த்து, ‘யோசிச்சு சொல்றோம்’ என்று சொல்லி, அந்தக் குடும்பம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்புவதை அவள் நிறையப் பார்த்துவிட்டாள். அந்த அசிங்கம் அவர்களுக்கு வேண்டாம் என்று நினைத்தாள். அதை ஒரு புண்ணியமாகவே செய்துவந்தாள்.

இப்போது தனக்கென்று நோட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. காலியாக இருந்த இருபத்தாறு வீடுகளில் பதினேழுக்கு, அவள் கையெழுத்திலேயே ‘சை’ போட்டிருந்தது.

மிச்சம் ஒன்பது. ஒன்பதையும் ஒரு வாரத்தில் பார்த்து முடித்தாள். ஒருவர் போனில் பெயரைக் கேட்டதும் “வீடு நேத்துதான் போச்சும்மா” என்றார். அந்த வீட்டுக்கு ஆள் பார்க்கச் சொல்லி அவரே மூன்று நாள் முன்பு கிரேசுக்கு மெசேஜ் போட்டிருந்தார். இன்னொருவர் சென்னையில் வேலை பார்க்கிற பையன். வாட்ஸ்அப்பில் படித்தான், பதில் போடவில்லை. மூன்றாவது, தேவகியம்மா. ரிட்டயர்டு டீச்சர், நல்ல மனுஷி. மோர் கொடுத்தார், ஃபேனை வேகமாக வைத்தார், முட்டிக்கு என்ன தைலம் தடவுகிறாய் என்று விசாரித்தார்.

“நீ எனக்கு மூணு குடித்தனம் வச்சிக் குடுத்தவ கிரேசு, உங்கிட்ட மறைக்க என்னா இருக்குது? எனக்கு ஒண்ணும் இல்லம்மா. மேல் போர்ஷன்காரங்க எதனா சொல்லுவாங்க. உனக்குத் தெரியாததா?”

மேல் போர்ஷன்காரர்களைக் கொண்டுவந்து வைத்ததே கிரேஸ்தான். அவர்களை நினைத்து அந்த வீட்டுக்கும் ‘சை’ போட்டு வைக்காதது அவள் செய்த தப்பு போலிருக்கிறது. மோரைக் குடித்துவிட்டு எழுந்தாள். மோர் நன்றாகத்தான் இருந்தது. மற்ற ஆறு வீட்டிலும் இதே பதில்தான், மோர் மட்டும் இல்லை.

திரிஷாதான் ஒரு யோசனை சொன்னாள். “நீ போகாதம்மா, அப்பாவ அனுப்பு. அப்பா பேரு நல்ல பேருதானே.” ராமராஜனுக்கு ஞானஸ்நானப் பெயர் யோசுவா. அது சர்ச்சுக்கும் கிரேசுக்கும் மட்டும் தெரிந்த பெயர். ரேஷன் கார்டிலிருந்து டிரைவிங் லைசென்ஸ் வரை ராமராஜன்தான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், புதிதாகக் காலியான ஒரு வீட்டைப் பார்க்க, சட்டையை இஸ்திரி போட்டு அவனை அனுப்பிவைத்தார்கள். அரை மணியில் திரும்பிவிட்டான்.

“என்னாப்பா ஆச்சு?”

“நல்லாத்தான் பேசிக்கினு இருந்தாரு. எந்த ஊருன்னாரு, மாகறல்னு சொன்னேன். மாகறல்ல எங்க, ஊருக்குள்ளயா காலனியான்னு கேட்டாரு.”

“நீ என்னா சொன்ன?”

“பஸ் ஸ்டாண்டுகிட்டன்னு சொல்லிட்டு வந்துட்டேன்” என்று சிரித்தான். திரிஷாவும் சிரித்தாள். அப்புறம் ராமராஜன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சாப்பாடு வேண்டாமென்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கிரேசுக்கு அழுகை வரவில்லை, களைப்புதான் வந்தது. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

ஆனி இருபத்தைந்து. இன்னும் ஒரு வாரம்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வெளியே வரும்போது பஞ்சாட்சரம் போன் செய்தார். செவிலிமேட்டைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால், குளத்துமேடு என்று ஒரு சின்ன இடம் உண்டு. அங்கே அவருக்கு வீடு. பட்டு நெசவுக்காரர். தன் வீட்டை ஒட்டி இருக்கும் இரண்டு அறை போர்ஷனை வாடகைக்கு விடச் சொல்லி எட்டு மாதம் முன்பு கிரேசிடம் ஒரு சாவி கொடுத்திருந்தார்.

“சாவியக் குடுத்துடும்மா. உன்னால ஆவல. நாங்க வேற யாரையாவது பாத்துக்குறோம்.”

கோபமாகச் சொல்லவில்லை, சலித்துப்போய்ச் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். எட்டு மாதத்தில் கிரேஸ் நாலே நாலு பார்ட்டியைத்தான் அங்கே கூட்டிப்போனாள். நாலும் சுத்த சைவம். தறிச் சத்தம் என்றார்கள், கார் நிறுத்த இடமில்லை என்றார்கள், சாக்கடை திறந்திருக்கிறது என்றார்கள். அந்த வீட்டுக்கு நோட்டில் வெறும் ‘சை’ இல்லை, அடியில் இரண்டு கோடும் உண்டு. முதல்முதலில் போனில் பேசியபோது, பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். “ஐயா, சைவமா?” அவர் பெருமையாகச் சொன்னார். “சைவம்மா. பரம்பரையா சைவம்.” பரம்பரைக்கு ஒன்று, சைவத்துக்கு ஒன்று என்று இரண்டு கோடு போட்டுக்கொண்டாள்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குளத்துமேட்டுக்குப் போனாள். நேரான ஒற்றைத் தெரு, இரண்டு பக்கமும் பக்கத்துப் பக்கத்தில் சின்ன வீடுகள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் தறிச் சத்தம் இல்லை. தெரு முனையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண், “யாரு வூட்டுக்கும்மா? வெயில்ல வந்துக்கினு இருக்கியே, தண்ணி குடிச்சிட்டுப் போயேன்” என்றாள். தெரிந்தவளில்லை. கிரேஸ் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். அந்தப் பெண், அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, இவள் பஞ்சாட்சரம் வீட்டுக்குப் போகிறாளாம் என்று சொல்ல, அவள் அதற்கடுத்த வீட்டுக்குச் சொன்னாள். கிரேஸ் போய்ச் சேருவதற்குள் வள்ளியம்மா வாசலில் நின்றிருந்தார். பஞ்சாட்சரத்தின் மனைவி. கையெல்லாம் மஞ்சள், மீன் செதில்.

கிரேசின் மூக்கு முன்பே சொல்லிவிட்டது. சங்கரா மீன் குழம்பு. பக்கத்து வீட்டிலிருந்து வருகிறதாக்கும் என்று நினைத்திருந்தாள்.

“வாம்மா கிரேசு, நல்ல நேரத்துக்கு வந்த. ரெண்டு துண்டு சாப்பிட்டுப் போ.”

உள்ளே பஞ்சாட்சரம் நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்தார். கிரேஸ் அவரைப் பார்த்தாள், அடுப்புப் பக்கம் பார்த்தாள்.

“ஐயா, நீங்க சைவம்தானே?”

“ஆமாம்மா, சைவந்தான். அன்னிக்கே சொன்னேனே.”

“அப்ப இது?”

“இது மீனு” என்றார் பஞ்சாட்சரம்.

கிரேஸ் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவருக்குச் சைவம் என்றால் சிவன். தாத்தா காலத்திலிருந்து ஏகாம்பரநாதர் கோயிலில் தேரிழுக்கிற குடும்பம், திருமுறை பாடுகிற குடும்பம், அதுதான் அவருக்குச் சைவம். சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. திங்கட்கிழமை, பிரதோஷம், கிருத்திகை, இவற்றை விட்டால் மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் மீனோ கறியோ உண்டு. புரோக்கர் ஒருத்தி போனில் கேட்டது குழம்பைப் பற்றி என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்னது கடவுளைப் பற்றி என்று இவளுக்குத்தான் எப்படித் தெரியும்?

விஷயத்தைச் சொன்னதும் வள்ளியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை.

“அதான் மூஞ்ச சுளிக்கிறவங்களாவே கூட்டிக்கினு வந்தியா? நம்ம தெரு அவ்ளோ மட்டமா பூட்டுதான்னு எட்டு மாசமா மனசு கஷ்டப்பட்டுக்கினு இருந்தேன்மா. நான் உனக்கு என்னா சொன்னேன்? காலையில அஞ்சரைக்கு எழுந்திருக்கிறவங்களா பாருன்னு சொன்னேனா இல்லியா?”

சொன்னார்தான். அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. அஞ்சரைக்கு எழுகிறவர்கள் என்று எந்த வீட்டுக்காரரும் கேட்டதில்லை, அதனால் காதில் ஏறவில்லை. அந்தத் தெருவில் யார் வீட்டுத் தறிக்குப் பாவு நூல் வந்தாலும், விடிந்ததும் அதைத் தெருவின் நீளத்துக்கு நீட்டிக் கட்டுவார்கள். பட்டு இழைகளைச் சீராக்கி, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுற்றி எடுக்க வேண்டும். அதற்கு எட்டுப் பத்துக் கை வேண்டும். வீட்டுக்கு ஒருவர் வந்து பிடிப்பார்கள். அந்த போர்ஷன் காலியாக இருந்ததால் எட்டு மாதமாக இரண்டு கை குறைந்தது. அவருக்கு வேண்டியது அந்த இரண்டு கைதான்.

எதையும் சொல்லாமலே இந்த வீட்டைத் தனக்கென்று பிடித்துவிடலாம், இவர்கள் ஒன்றும் கேட்கப்போவதில்லை என்று கிரேசின் ஒரு மனம் சொன்னது. ஆனால் குடிவந்த பிறகு ஒருநாள் தெரிந்து, முகம் மாறி, மறுபடி நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைய அவளுக்குத் தெம்பில்லை.

“ஐயா, வீடு எனக்குத்தான் வேணும். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு பொண்ணுக்கும். நாங்க கிறிஸ்டியன். மாகறல் காலனி. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்.”

வள்ளியம்மா கணவரைப் பார்த்தார். அந்த ஒரு நொடியைக் கிரேஸ் வாழ்நாளில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

பஞ்சாட்சரம் எழுந்து வாசல்பக்கம் வந்தார். “பொய் சொல்ல மாட்டேம்மா. எங்கப்பா இருந்தா வுட்டிருக்க மாட்டாரு. நானே பத்து வருசம் முன்னாடின்னா யோசிச்சிருப்பேன். இப்ப எனக்கு வயசாயிடுச்சு, அதெல்லாம் யோசிக்கத் தெம்பு இல்ல. சாவி உங்கிட்டயே இருக்கட்டும். ஆடி பொறக்கறதுக்குள்ள பால் காய்ச்சிடு.”

“மைக்கு போட்டு ஜெபம் பண்ணுவீங்களா?” என்று கேட்டார் வள்ளியம்மா.

“இல்லக்கா.”

“அப்ப சரி. எதுத்த வூட்டுப் பையன் போடுற ஸ்பீக்கருக்கே காது போவுது.”

அவ்வளவுதான். ஒரு மாத அலைச்சல் அந்த வாசற்படியில் முடிந்துவிட்டது. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், கிரேசுக்கு அங்கேயே படுத்துத் தூங்கிவிடலாம் போல இருந்தது. வள்ளியம்மா தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றிக் கொண்டுவந்தார். கிரேஸ் முதல் வாயை வைத்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேச்சை எடுத்தார்.

“இப்பத்தான் எனக்கு ஒண்ணு வெளங்குது கிரேசு. மார்கழி மாசம் ஒரு பொண்ணு வந்துச்சு. நர்சு மாதிரி வெள்ள டிரெஸ்ஸு, இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. அந்தக் கேட்டாண்ட நின்னு வீட்டையே பாத்துக்கினு இருந்துச்சு. உள்ள வாம்மான்னு சொல்லிட்டு, கைய கழுவிக்கினு வர்றதுக்குள்ள பூட்டுது. யாரோ என்னமோன்னு இருந்தேன்.”

அந்தப் பெண் யாரென்று கிரேசுக்குத் தெரிந்துவிட்டது. அது லில்லி. செவிலிமேட்டுப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், வீராசாமி என்ற எலக்ட்ரீஷியனின் மனைவி. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம் என்று இந்த வீட்டைத்தான் குறிப்பாகக் கேட்டாள், இரண்டு தடவை கேட்டாள். “அது சைவ வீடு லில்லி, உனக்குச் சரிப்படாதும்மா” என்று இரண்டு தடவையும் சொன்னவள் கிரேஸ். அந்தக் குடும்பம் வேறு இடம் கிடைக்காமல் சொந்த ஊர் திருப்புட்குழிக்கே திரும்பிப் போய்விட்டது. அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறாள்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையை அலம்பிக்கொண்டு வெளியே வந்தாள். இன்றைக்கே பேசிவிட வேண்டும், நாளைக்கு என்றால் தைரியம் வராது. போனை எடுத்தாள். லில்லி எடுத்ததும், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மீன் குழம்பு, சிவன், தன் நோட்டு, எல்லாவற்றையும்.

“நீ மொதல்ல கேட்ட வீடு லில்லி. உனக்கு வேணும்னா இப்பவும்…” என்று ஆரம்பித்தாள். சொல்லும்போதே பயமாக இருந்தது. அவள் சரியென்று சொல்லிவிட்டால் ராமராஜனுக்கும் திரிஷாவுக்கும் என்ன பதில் சொல்வது? இருந்தும் சொல்லி முடித்தாள்.

மறுமுனையில் பஸ் சத்தம் கேட்டது. லில்லி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“பசங்கள இங்க ஸ்கூல்ல சேத்துட்டோம்க்கா. இனிமே எங்க மாத்துறது? நீங்க போங்க.” பிறகு அவளே சொன்னாள். “நல்ல தெருக்கா அது. அன்னிக்கே வந்து பாத்தேன். அந்த அம்மா சிரிச்ச மொகமா உள்ள வான்னு வேற கூப்பிட்டாங்க. போலாமான்னுதான் இருந்துச்சு. நீங்க சொன்னீங்களேன்னு போவல.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. கிரேசை நம்பியதால்தான் திரும்பிப் போனேன் என்று சாதாரணமாகச் சொன்னாள். டிக்கெட், டிக்கெட் என்று கண்டக்டர் கூப்பிடும் சத்தம் கேட்டது, வைத்துவிட்டாள். கிரேஸ் அந்தக் கேட்டின் பக்கத்திலேயே நின்று அழுதாள்.